பென்சில் கையெழுத்து

குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் தலைமை அலுவலகத்தில் மாதம் நாலாயிரம் பென்சில் தீரும். பிள்ளைகளுக்கான துறை ஆயிற்றே, எழுதுவார்கள், வரைவார்கள், கடித்துத் துப்புவார்கள் என்று நினைத்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. உண்மையில் அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை ஒரு பிள்ளையும் கால் வைத்ததில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பாதுகாவலர் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே பலகை தொங்கியது. பென்சிலைக் கடித்தவர்கள் எல்லாம் அலுவலர்கள்தான்.

அங்கே எந்தக் கோப்பிலும் யாரும் பேனாவால் கையெழுத்துப் போடமாட்டார்கள். விதி ஒன்றும் கிடையாது, வழக்கம். கோப்பு மேசைக்கு வந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கிறுக்கல், அடுத்த மேசைக்கு ஒரு தள்ளல். காரியம் நல்லபடியாக முடிந்தால் அந்தக் கிறுக்கலின் மேலேயே பிற்பாடு மை ஓட்டிக்கொள்ளலாம். ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் ரப்பரால் ஒரு தேய்ப்பு, வாயால் ஒரு ஊதல். அந்த ஆள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

நம் கதாநாயகர் இந்தக் கலையில் கரை கண்டவர். வரைவுப் பிரிவில் பத்தொன்பது வருஷம். தாளில் நார் எழும்பாமல், நிறம் மங்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தடம் தெரியாமல் அழிப்பார். பக்கத்துப் பிரிவுகளிலிருந்துகூட அவசரத்துக்கு அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். இழுப்பறையில் வெள்ளை ரப்பர் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு ரப்பர் சார் என்றே பெயர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று மேலதிகாரிகள் பாராட்டும்போது வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வார். மகனின் மதிப்பெண் அட்டையிலும் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, வாத்தியார் அதைத் திருப்பி அனுப்பிய கதையை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்காரம்மா மட்டும் சிரித்ததில்லை.

போன வருஷம் துறைக்கு ஒரு சோதனை வந்தது. ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்கு மாற்றப்பட்ட குழந்தை ஒன்று பதினோரு வாரம் காணவில்லை. இந்த இல்லம் அங்கே இருக்கிறது என்றது, அந்த இல்லம் இங்கே இன்னும் வரவில்லை என்று எழுதவும் மறந்திருந்தது. கடைசியில் பார்த்தால், ஏற்றிக்கொண்டு போன வண்டியின் டிரைவர் வீட்டில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. இறக்கிவிட ஆள் இல்லாததால் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அவர் மனைவி பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டாள். ஊரே கொந்தளித்தது. விசாரணை நடந்தது. அத்தனை தாள்களிலும் மையால் போட்ட கையெழுத்து ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, வண்டிப் புத்தகத்தில் டிரைவர் போட்டது. அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதோடு, துறையை அடியோடு சீர்திருத்த வேண்டும் என்று தொள்ளாயிரம் பக்கத்தில் ஓர் அறிக்கையும் வந்தது. அதன் சாரம் ஒரு வரிதான்: ஒரு குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

யார் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று ஒரு வரைபடம் போடும் வேலை ரப்பர் சாரிடம் வந்தது. அளவுகோல் இருந்தது, பென்சில் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ரப்பர் இருந்தது. இருபத்தேழு அலுவலர்களுக்கு இருபத்தேழு கட்டம் போட்டார். குழந்தையின் பொறுப்பு எந்தக் கட்டத்திலிருந்து எதற்குப் போகிறது என்று அம்புக்குறி போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் ஆரம்பித்தது கூத்து.

ஒவ்வொருவராக அவருடைய மேசைக்கு வந்தார்கள். இயக்குநரே ஒரு நாள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் கட்டத்துக்குள்ள எத்தனை அம்பு வேணும்னாலும் வரட்டும். அதெல்லாம் மரியாதை. ஆனா வெளிய போறது அதைவிட ஒண்ணு கூட இருக்கணும், பார்த்துக்குங்க."

"ஆகட்டும் சார்."

எல்லோருக்கும் ஆகட்டும் என்றார். முடியாது என்ற சொல் அவர் அகராதியிலேயே இல்லை. எல்லோர் கட்டத்திலிருந்தும் ஓர் அம்பு கூடுதலாக வெளியே போயிற்று. முடிவில் போக இடமில்லாமல் இருபத்தேழு அம்பு அந்தரத்தில் நின்றது. தாளின் அடியில் அழகுக்காக ஒரு வட்டம் போட்டு, உள்ளே இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்குழந்தை முகம் வரைந்திருந்தார். அம்புகளை எல்லாம் இழுத்து அதில் கொண்டுபோய்ச் செருகினார். செருகும்போது உள்ளே எங்கோ ஒரு முள் குத்தியது. அதையும் ஊதிவிட்டார். இயக்குநர் பார்த்துவிட்டு, "பிரமாதம். குழந்தையை மையமா வெச்ச அமைப்புன்னா இதுதான்" என்று தோளில் தட்டினார். சீர்திருத்தத்துக்குப் பிறகு அம்புக்குறிகளைக் கண்காணிக்க ஒரு புதுப் பதவி வரப்போவதாகவும், அதற்கு இவர் பெயர்தான் இருப்பதாகவும் காதில் போட்டுவிட்டுப் போனார்.

தொடக்க விழா அன்று காலை பத்து மணிக்கு ஒரு பஸ் கண்டக்டர் ஆறு வயதுப் பெண்குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலாளி பலகையைக் காட்டினார்.

"பாதுகாவலர் இல்லாம பிள்ளைங்களை உள்ள விடக்கூடாதுங்க."

"பாதுகாவலர் இல்லைன்னுதான்யா இங்க கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் கண்டக்டர். "வழியில ஏதோ ஒரு ஸ்டாப்புல ஏறியிருக்கு. தூங்கிட்டு இருந்திச்சு, கூட யாரோ இருக்காங்கன்னு விட்டுட்டேன். கடைசி ஸ்டாப்புல பார்த்தா தனியா கெடக்கு. போலீசுக்குப் போனா, இன்னிலேருந்து பிள்ளைங்க விஷயமெல்லாம் உங்க கைக்கு வந்துடுச்சாமே, தொடக்கூட மாட்டேன்னுட்டாங்க."

காவலாளி தலையைச் சொறிந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து யாரோ, "பூங்கொத்து கொடுக்கற பாப்பா வந்தாச்சா? சீக்கிரம் அனுப்புங்க" என்று குரல் கொடுத்தார்கள். காவலாளிக்கு உயிர் வந்தது. விழாப் பட்டியலில் பிள்ளைக்கு அனுமதி இருந்தது. வாசல் புத்தகத்தில், அதுவும் பென்சிலால், 'குழந்தை ஒன்று' என்று எழுதி உள்ளே விட்டார். கண்டக்டருக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. "சாயங்காலம் வேலை முடிஞ்சு எட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை மேடைக்கு ஏறிப் பூங்கொத்தைக் கொடுத்தது. இயக்குநர் அதைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, இந்தக் குழந்தையைப் பாருங்கள். நேற்றுவரை இவளுக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்று தெரியாமல் நாம் தவித்தோம். இன்று இவளுக்கு இருபத்தேழு பேர் பொறுப்பு. நேற்றுவரை தவறு நடந்தால் அது நாம் செய்ததல்ல என்று வாயால்தான் சொல்ல முடிந்தது. இனி அதை வரைபடத்தோடு நிரூபிக்கலாம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டுவது நம் வேலையல்ல. ஊட்டுகிறார்களா என்று பார்க்கிறவர்களைப் பார்ப்பதுதான் நம் வேலை."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆறடிக்கு எட்டடி வரைபடம் திறக்கப்பட்டது. அதன் கீழே சிவப்பு நிறத்தில் ஒரு புது உதவித் தொலைபேசியும் திறக்கப்பட்டது. திறந்த ஐந்தாவது நிமிஷம் அது அடித்தது. எடுக்க யாரும் போகவில்லை. அழைப்பை ஏற்பவர் என்ற கட்டத்திலிருந்து அம்பு ஏற்கெனவே அழைப்பு வந்ததை உறுதி செய்பவர் கட்டத்துக்குப் போயிருந்தது. அவர் பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கோடு போட்டார். மதியத்துக்குள் முப்பத்தொரு கோடு. முதல் நாளே நல்ல வரவேற்பு என்று இயக்குநருக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. வரைபடம் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க ரப்பர் சார் கூடத்துக்கு வந்தார். அடியில் பெஞ்சில் அந்தக் குழந்தை கையில் பாதி பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தது. வட்டத்துக்குள் அவர் வரைந்த முகத்துக்கு நேர் கீழே அதே இரட்டைப் பின்னல்.

"மாமா, நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

ரப்பர் சார் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். குழந்தை யாரைக் கேட்கிறது என்று தெரியவில்லை. கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"உன் அம்மா எங்க பாப்பா?"

"எடம் பிடிச்சு உக்காருன்னு பஸ்ல ஏத்திவிட்டாங்க. தண்ணி வாங்கப் போனாங்க. பஸ் கெளம்பிடுச்சு." பிஸ்கட்டைக் கொஞ்சம் கடித்தது. "மாமா, போன் அடிக்குது."

"அது அப்படித்தான் அடிக்கும் பாப்பா" என்றார்.

அவருக்கு ஒன்றும் செய்யத் தெரியாமல் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் இல்லம் இருந்தது. அங்கே போன் போட்டார். இல்லத்துக்காரம்மா ஒரே மூச்சில் பேசி முடித்தார்.

"கொண்டாங்க சார். சோறு போட்டு, படுக்க வெச்சு, அம்மாவையும் தேடறேன். ஆனா பொறுப்பு அதிகாரின்னு ஒருத்தர் பேனாவுல கையெழுத்து போட்ட தாள் வேணும். பென்சில்ல வேண்டாம். போன தடவை பென்சில்ல குடுத்த தாளை ஒரு வாரம் கழிச்சு எடுத்துப் பார்த்தா வெறும் தாள் சார். பிள்ளை மட்டும் இருந்திச்சு. ஆறு மணிக்குள்ள வாங்க, அதுக்கு மேல சேர்க்க விதியில்லை."

ரப்பர் சார் ஒரு தாளில் கடிதம் எழுதினார். அடியில் பொறுப்பு அதிகாரி என்று எழுதி ஒரு கோடும் போட்டார். அந்தக் கோட்டின் மேல் தன் பெயரை எழுதலாம் என்ற யோசனை ஒரு நொடியும் வரவில்லை. பழக்கம் அப்படி. ஓர் ஆளைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் சரி என்று, ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் போட்ட அம்புக்குறி வழியே தானே நடந்தார்.

முதல் கட்டம், முதல்நிலைப் பொறுப்பு மேடம். தாளை வாங்கியதும் படிக்காமலே பென்சிலால் கிறுக்கினார். மை வேண்டுமாம் என்று இவர் தயங்கிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் இது, உங்க பொண்ணா?"

"இல்லைங்க மேடம். தாள்ல இருக்கற குழந்தை."

மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "நிஜக் குழந்தையா? நான் பயிற்சிக்காக எழுதின மாதிரிக் கடிதம்னு நினைச்சேன். அழிச்சுடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அழித்தார். குழந்தை எட்டி எட்டிப் பார்த்தது. எழுத்து காணாமல் போவது அதற்கு வேடிக்கையாக இருந்தது.

அடுத்தது மேற்பார்வைப் பிரிவுத் தலைவர். அவர் கடிதத்தை மரியாதையோடு இரண்டு விரலால் பிடித்தார். "நான் மேற்பார்வை பார்க்கணும்னா முதல்ல யாராவது ஏதாவது செய்யணும் சார். நீங்க யாரையாவது பிடிச்சு எதையாவது செய்ய வைங்க. செஞ்சதுல தப்பு இருந்தா நான் ராத்திரி பகலாக் கண்டுபிடிச்சுத் தரேன். அதுல என்னை யாரும் குறை சொல்ல முடியாது." வருகைக்கு அடையாளமாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு யோசித்து, புள்ளியையும் எடுத்துவிடச் சொன்னார்.

இப்படியே நாலு கட்டம், ஆறு கட்டம். ஒவ்வோர் அறையிலும் ஒரு கிறுக்கல், ஒரு தேய்ப்பு, ஓர் ஊதல். தாள் மெலிந்துகொண்டே வந்தது. குழந்தைக்குக் கால் வலித்தது, சொல்லவில்லை. தொலைபேசி மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்குச் சட்ட ஆலோசகர் அகப்பட்டார். மனுஷர் பொறுமைசாலி. கூடத்துக்கே வந்து வரைபடத்தின் முன் நின்று, ஒரு விரலை முதல் கட்டத்தில் வைத்து அம்புகளின் வழியே நகர்த்திக்கொண்டு போனார். விரல் மேலே போயிற்று, பக்கவாட்டில் போயிற்று, இயக்குநரைத் தொட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. எல்லா வழியும் ஒரே இடத்தில் முடிந்தது. வட்டத்தில் விரலை வைத்தபடி ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"தெளிவா இருக்கே சார். சட்டப்படி குழந்தைக்குப் பொறுப்பு குழந்தைதான். யாரு போட்டாங்களோ, ரொம்ப நல்லாப் போட்டிருக்காங்க."

யார் போட்டார்கள் என்று ரப்பர் சார் சொல்லவில்லை. தான் வெட்டின குழி இவ்வளவு ஆழமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, உன் பேரை எழுதத் தெரியுமா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"தெரியுமே. ஒண்ணாவதுல எழுதியிருக்கேன்."

பென்சிலைக் கொடுத்தார்கள். குழந்தை பெஞ்சில் தாளை வைத்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, கோட்டின் மேல் பெரிது பெரிதாகத் தன் பெயரை எழுதியது. முதலெழுத்தும் போட்டு, ஒரு புள்ளியும் வைத்தது. அந்தக் கட்டடத்தில் பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவ்வளவு முழுசாக, படிக்கிறமாதிரி கையெழுத்துப் போட்டு ரப்பர் சார் பார்த்ததில்லை.

"வயசு?" என்றார் ஆலோசகர்.

"ஆறு."

"அடடா, மைனர். செல்லாது. அழிச்சுடுங்க சார்."

கை தானாக ரப்பரை எடுத்தது. இரண்டாவது எழுத்தைத் தேய்க்கும்போது குழந்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, ஏன் என் பேரை அழிக்கறீங்க? நான் தப்பா எழுதலையே."

"தப்பில்லை கண்ணு."

"அப்புறம் எதுக்கு?"

ஆலோசகர் நின்றுகொண்டிருந்ததால் மீதியையும் அழித்தார். ஊதினார். ரப்பர் துகள்கள் குழந்தையின் பாவாடையில் விழுந்தன. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, சோற்றைத் தட்டிப் பறித்தவனுக்கு இருக்கிற வெட்கம். வாழ்க்கையில் எத்தனையோ பெயரை அழித்திருக்கிறார், ஒருத்தரும் கையைப் பிடித்துக் கேட்டதில்லை. ரப்பரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

இயக்குநர் பையை மூடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பரவசமாகத் தலையாட்டினார்.

"அப்படின்னா இவதான் புது அமைப்போட முதல் குழந்தை. முதல் குழந்தைங்கிறது சரித்திரம் சார். அவசரப்பட்டுக் கெடுத்துடக்கூடாது. திங்கக்கிழமை ஒரு குழு போடுவோம்."

"அதுவரைக்கும் பிள்ளை எங்க சார் இருக்கும்?"

"அதையும் குழுவே பார்த்துக்கும்."

"சார், இல்லத்துல சேர்க்க ஒரே ஒரு கையெழுத்துதான். உங்ககிட்ட பேனா இருக்கு."

இயக்குநர் சட்டைப்பையில் இருந்த தங்கநிறப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்திலேயே அது ஒன்றுதான் பேனா, விருந்தினர் புத்தகத்துக்கும் நல்லபடியாக முடிந்த கோப்புகளுக்கும் வைத்திருந்தது.

"நான் போடலாம். போட்டா என்ன ஆகும்? நாளைக்கு இந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்சாலும் என் பேர்தான் வரும். அப்ப துறையோட தலைவரே சிக்கிக்கிட்டா மத்த குழந்தைங்களை யார் காப்பாத்தறது? அவங்களுக்காகத்தான் நான் போடாம இருக்கேன். நீங்களும் போட்டுடாதீங்க. அம்புக்குறிப் பதவிக்கு உங்க பேர் மேல போயாச்சு. இத்தனை வருஷம் சுத்தமா இருந்துட்டு, கடைசியில மையில கை வெப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் பெஞ்சில் இருந்த குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துக் காரில் ஏறிப் போனார். பேனாவும் போயிற்று.

ஐந்தரைக்குள் இருபத்தேழு கட்டமும் காலி. விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்த காவலாளி இவர்களைப் பார்த்து நின்றார்.

"சார், ஆறு மணிக்குப் பூட்டணும். அதுக்கு மேல உள்ள யாரும் இருக்கக்கூடாது."

"சரி, பிள்ளையை நான் வெளிய கூட்டிட்டுப் போறேன்."

"அது எப்படி சார்? உள்ள வந்த குழந்தையைப் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாம வெளிய விடக்கூடாதுன்னு இன்னிக்குப் புது உத்தரவு. உள்ள வைக்கவும் முடியாது, வெளிய விடவும் முடியாது." கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுஷர்தான். "வேணும்னா வாசப்படியில உக்கார வைக்கலாம் சார். வாசப்படி ரெண்டு உத்தரவுலயும் வரலை."

ரப்பர் சார் வாசற்படியைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நல்ல எண்ணமும் அந்த நேரத்தில் இல்லை. மற்ற இருபத்தேழு பேரையும் திட்டலாம்தான். ஆனால் அத்தனை பேருக்கும் கேட்ட இடத்தில் அம்பு போட்டுக் கொடுத்தது யார்? எல்லோரும் தப்பித்துப் போக வாசல் வைத்துக் கட்டிய கொத்தனார் தான்தானே. மணி ஐந்து நாற்பது. வீட்டுக்காரம்மா இப்போது இங்கே இருந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தார். ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள். அது அதைவிட மோசம்.

அந்த நேரம் கண்டக்டர் வந்து சேர்ந்தார். தோளில் தோல்பை, காதில் பேனா. குழந்தையைப் பெஞ்சில் பார்த்ததும் நின்றார்.

"இன்னுமா?" என்று மட்டும் கேட்டார்.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்றார் ரப்பர் சார்.

தாளைச் சுவரில் வைத்துப் பிடித்தார். தேய்த்துத் தேய்த்துத் தாள் வெங்காயச் சருகாக இருந்தது. பேனாவை வைத்ததும் கை நின்றுவிட்டது. பயம் பாதி. மீதிப் பாதி, சொன்னால் சிரிப்பீர்கள், தன் முழுக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணப் பதிவேட்டில் போட்டது கடைசி. பிறகு, சற்றுமுன் அந்தக் குழந்தை எழுதினமாதிரியே, முதலெழுத்து, முழுப்பெயர், புள்ளி என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நாக்குகூட ஓரமாகத் துருத்திக்கொண்டது. அடியில் தேதியும் போட்டார். காவலாளி டார்ச் அடித்துப் பார்த்து, "மைதான் சார்" என்று பயத்தோடு சொன்னார்.

கிளம்பும்போது தொலைபேசி மறுபடி அடித்தது.

"மாமா, போன்" என்றது குழந்தை.

அப்படித்தான் அடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று தோன்றியது. போய் எடுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண். யாராவது எடுப்பார்கள் என்று எதிர்பார்க்காமலே அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஹலோ? சார்? எடுத்துட்டீங்களா? சார், என் பொண்ணு. பச்சைப் பாவாடை, ரெட்டைப் பின்னல். தண்ணி வாங்கத்தான் சார் எறங்கினேன். காலையில பதினோரு மணிலேருந்து அடிக்கிறேன். இந்த நம்பர்தான்னு குடுத்தாங்க. இங்கேயே உக்காருன்னு போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்சுட்டாங்க. சார், இருக்கீங்களா? வெச்சுடாதீங்க சார்."

"இருக்கேன்மா" என்றார். "பொண்ணு என் பக்கத்துலதான் இருக்கு. நல்லா இருக்கு. பேசுங்க."

குழந்தை இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தண்ணி வாங்கிட்டியா?" என்று கேட்டது.

அதற்குமேல் கண்டக்டரும் காவலாளியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அழைப்பை உறுதி செய்பவர் நோட்டை மேசையிலேயே விட்டுப் போயிருந்தார். அதில் அறுபத்து மூன்று கோடு இருந்தது.

அடுத்த பஸ் பிடித்து எட்டரைக்குள் இல்லத்துக்கு வந்துவிடுவதாக அம்மா சொன்னாள். இல்லத்து வாசலில், ஆறு மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது, இல்லத்துக்காரம்மா கையெழுத்தின் மேல் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து நம்பிக்கை வந்தபின் தாளை வாங்கிக்கொண்டார். குழந்தை உள்ளே போகத் திரும்பியபோதுதான், அதன் வலது கை இறுக்கமாக மூடியிருப்பதை ரப்பர் சார் கவனித்தார். விரலிடுக்கில் வெள்ளையாகத் தெரிந்தது.

"பாப்பா, அது மாமாவோட ரப்பர். குடுத்துடு கண்ணு."

குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"குடுக்க மாட்டேன். நீங்க அழிச்சுடுவீங்க."

மை அழியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் அவரை இவ்வளவு சரியாக எடைபோட்டவர்கள் யாருமில்லை.

திங்கட்கிழமை மேசையில் ஒரு தாள் காத்திருந்தது. இருபத்தேழு அலுவலர்கள் பொறுப்பில் இருக்கும்போது அவர்களை மீறி ஒரு குழந்தைக்குத் தன்னிச்சையாகப் பொறுப்பேற்றது, சீராக ஒலித்துக்கொண்டிருந்த தொலைபேசியை இடையில் எடுத்துப் புள்ளிவிவரத்தைக் கெடுத்தது, அலுவலகத்துக்குள் வெளியாளின் பேனாவைப் பயன்படுத்தியது ஆகியவற்றுக்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அம்புக்குறிப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டதென்றும் கடைசி வரியில் இருந்தது. அடியில் இயக்குநரின் கிறுக்கல், பென்சிலால்.

அந்தக் கிறுக்கலை அழித்துவிட்டால் தாள் அநாதை, யார் அனுப்பியது என்றே தெரியாது. கை பழக்கத்தில் இழுப்பறைக்குப் போயிற்று. துணி மட்டும் இருந்தது. அந்த வெறும் துணியை மடித்து உள்ளே வைத்தார். பிறகு, கண்டக்டர் திருப்பி வாங்காமல் விட்டுப்போன பேனாவைத் திறந்து விளக்கம் எழுதினார். ஒரே வரி.

'எப்போது வீட்டுக்குப் போவது என்று குழந்தை கேட்டது என்னைத்தான்.'

அடியில் முழுப்பெயரையும் எழுதினார். இந்தத் தடவை கை நிற்கவில்லை.